அம்மாயியின் குரலுக்கு ஒரு வீடு

மழை விடாது பெய்யும் நாட்களில் பழைய பெட்டிகளைத் திறந்து அடுக்குவது மலைநாட்டு வீடுகளில் வழக்கமான வேலை. சென்ற மழையின்போது நாமும் அவ்வாறு ஒரு தகரப் பெட்டியைத் திறந்தோம். பிறப்புச் சான்றிதழ்கள், பழைய சம்பளத் துண்டுகள், மங்கிப்போன கலியாணப் படம் ஒன்று ஆகியவற்றின் அடியில் பத்துப் பன்னிரண்டு ஒலிநாடாக்கள் கிடந்தன. நாம் எல்லோரும் 'கசெட்' என்று வழங்கி வந்தவை அவை. ஒன்றன் மேல் நீல மையினால் 'தாத்தா, காமன் பாட்டு' என்று எழுதியிருந்தது.

எம் தாயாரின் தகப்பனார் தோட்டத்தில் மாசி மாதந்தோறும் காமன் கூத்துக்குப் பாடியவர். மன்மதன் எரிந்தபின் ரதி புலம்பும் பகுதியை அவர் பாடினால் திடலில் பேச்சு மூச்சு இராது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அண்டை வீட்டில் ஒரு பழைய கசெட் பெட்டியை இரவல் வாங்கி, அந்த நாடாவை ஆவலுடன் ஓடவிட்டோம். கேட்டது ஒரு சினிமாப் பாட்டு. அது முடிந்ததும் இன்னொரு சினிமாப் பாட்டு. கடைசிப் பாட்டும் ஓய்ந்தபின் தப்பின் ஓசை நாலைந்து அடி கேட்டது. பெரியவர் ஒருவர் மெட்டெடுக்கத் தொடங்கி இருமினார். அத்துடன் நாடா முடிந்துவிட்டது.

பாட்டனாரின் குரலில் எமக்கு எஞ்சியது அவ்வளவுதான். அதன் மேல் சினிமாப் பாட்டைப் பதிவு செய்த புண்ணியவான் யாரென்று தேட வேண்டியதில்லை. பள்ளிக்கூடப் பிராயத்தில் நாமேதான் அதைச் செய்தோம்.

அந்தச் சினிமாப் பாட்டு இன்று எங்கும் கிடைக்கிறது. கைத்தொலைபேசியில் அதன் பெயரைச் சொன்னால் மறுகணம் ஒலிக்கிறது. பாட்டனாரின் பாட்டோ வேறெங்கும் இல்லை. இந்தக் கணக்கு அன்று எமக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆகவேதான் இவ்வாரம் வாசகர்களுக்கு, சிறப்பாக மாணவ நண்பர்களுக்கு, வீட்டிலேயே அமைத்துக்கொள்ளக்கூடிய ஒரு சின்னஞ்சிறு சங்கீதப் பெட்டியைப் பற்றிச் சொல்ல முற்பட்டோம்.

பந்தியில் பரிமாறும் பெட்டி

கொழும்பில் 1925 டிசம்பர் 16ஆந் திகதி வானொலி ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியது. பின்னர் இலங்கை வானொலி என்று புகழ்பெற்று, 1967இல் கூட்டுத்தாபனமாக மாறிய அந்த நிலையத்தின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் நமது லயங்களிலும் உண்டு. கடல் கடந்து தமிழ்நாட்டிலும் உண்டு. அங்கே ஒருவர் இசைத்தட்டைச் சுழலவிட, பல்லாயிரம் வீடுகளில் ஒரே பாட்டு ஒலித்தது.

நாம் கூறும் பெட்டி அதே வேலையை ஒரு வீட்டின் அளவுக்குச் செய்கிறது. பாட்டுக்கள் யாவும் ஓரிடத்தில் சேமிக்கப்பட்டிருக்கும். வீட்டிலுள்ள எவரும் தம் கைத்தொலைபேசியிலிருந்து 'இந்தப் பாட்டு' என்று தொட்டால், பெட்டி அதை எடுத்து ஒலிபெருக்கியில் பாடவிடும். இத்தகைய பொறியைச் 'சேர்வர்' என்றும் 'சேவையகம்' என்றும் அழைக்கிறார்கள். பந்தியில் பரிமாறுபவர் என்று பொருள்கொண்டால் பிழையில்லை. சோற்றுப்பானை ஒன்றுதான், இலையை நீட்டியவருக்கெல்லாம் அதிலிருந்து அவர் பரிமாறுகிறார்.

இதற்கு இணையத் தொடர்பு வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். வேண்டுவதில்லை. பெட்டி தானே 'வைஃபை' அலையை எழுப்பிக்கொள்ளும். தொலைபேசிகள் அந்த அலையில் சேர்ந்துகொள்ளும். தொலைபேசிக் கம்பனிக்குக் காசு செலுத்தாமலே, கோபுரத்தின் அலை எட்டாத பள்ளத்துத் தோட்டத்திலும் பாட்டுக் கேட்கலாம். பழைய லயங்களின் தடித்த சுவர்கள் அலையை மட்டுப்படுத்துமாதலால், அது அடுத்தடுத்த சில காம்பராக்களுக்கு எட்டும் என்று வைத்துக்கொள்வது நலம்.

பலகையின் கதை

இந்த வேலைக்கு உகந்த கணினி ஒன்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்தில் உருவானது. அங்கே பல்கலைக்கழகத்தில் கணினி கற்க வரும் மாணவர் தொகை குறைந்து வருவதையும், வருபவர்கள் பொறியைத் திறந்து ஆராயும் பழக்கம் அற்றவர்களாயிருப்பதையும் கண்டு ஈபென் அப்டன் முதலியோர் கவலை கொண்டனர். சிறுவர்கள் பயமின்றி வாங்கி, பயமின்றிப் பழுதாக்கி, பயமின்றிக் கற்கத்தக்க மலிவான கணினி ஒன்று வேண்டுமென்று துணிந்தனர். 'ராஸ்பெரி பை' என்னும் அந்தக் கணினி 2012 பெப்ரவரி 29ஆந் திகதி விற்பனைக்கு வந்தது. விலை 35 அமெரிக்க டொலர். பெட்டி இல்லை, திரை இல்லை, விசைப்பலகை இல்லை. வெறும் பச்சைப் பலகை ஒன்றே.

2015 நவம்பரில் இதனினும் சிறிய 'பை சீரோ' வந்தது. அதன் விலை 5 டொலர். அவர்கள் நடத்திய சஞ்சிகையின் 40ஆவது இதழில், அட்டைமேல் ஒட்டி இலவசமாகவே கொடுத்தார்கள். ஞாயிறு மலருடன் நாட்காட்டி கொடுப்பதை நாம் கண்டிருக்கிறோம். சஞ்சிகையுடன் முழுக் கணினியே கொடுத்தது அதுவே முதன்முறை.

நாம் கையாண்டது 2021 ஒக்டோபரில் 15 டொலர் விலையில் வெளிவந்த 'சீரோ 2 டபிள்யூ' என்னும் பலகை. அதன் நீளம் 65 மில்லிமீற்றர், அகலம் 30 மில்லிமீற்றர். தீப்பெட்டியைவிடச் சற்று நீளம், அவ்வளவே. வைஃபை வசதி அதனுள்ளேயே அமைந்திருக்கிறது.

செலவைப் பற்றி நாணயமாகப் பேசுவோம்

1,000 ரூபா நாட்சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கில் போராடி, 2021 மார்ச்சில்தான் அதனை வர்த்தமானியில் கண்ட மக்களிடம் 'மலிவு' என்ற சொல்லைக் கவனமாகவே வழங்க வேண்டும். 15 டொலர் என்பது அயல்நாட்டு விலை. கப்பற்கூலியும் வரியும் கடைக்காரரின் இலாபமும் சேர்ந்து நம் கைக்கு வரும்போது அது ஏறிவிடும். பலகையுடன் வேறு சில பொருள்களும் வேண்டும்:

32 கிகாபைட் கொள்ளும் நினைவட்டை ஒன்று. 5 வோல்ட்டில் இரண்டரை அம்பியர் தரவல்ல மின்னேற்றி ஒன்று. தொலைபேசிச் சார்ஜரிலும் இந்த அளவு எழுதியிருந்தால் அதுவே போதும். இந்தப் பலகையில் காதுக்குழாய் செருகும் துளை இல்லையாதலால், ஒலியை வெளியே எடுக்கும் யூ.எஸ்.பி. ஒலிச்செருகி ஒன்றும், அதை இணைக்கும் சிறு கம்பியும். ஈயம் ஊதத் தெரிந்தவர்கள் பலகையின் 40 முனைகளில் நேரடியாகப் பொருத்தும் ஒலிமாற்றிப் பலகையை வாங்கலாம். ஒலி அதனினும் தெளிவாக இருக்கும். 'பை 3' போன்ற முன்னைய பெரிய பலகை எவரிடமாவது பழையதாகக் கிடைத்தால் அதில் காதுக்குழாய்த் துளை உண்டு. ஒலிச்செருகி வாங்கும் செலவு மிச்சம். 2023இல் வந்த 'பை 5'இல் அத்துளையை நீக்கிவிட்டார்கள் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

ஒலிபெருக்கி புதிதாக வாங்க வேண்டாம். புறக்கம்பி செருகும் துளை உள்ள பழைய ரேடியோப் பெட்டியோ கசெட் பெட்டியோ போதும். நாடா ஓடாவிட்டாலும் அதன் ஒலிபெருக்கி பெரும்பாலும் நல்ல நிலையிலேயே இருக்கும்.

ஒரு வீடு தனியாக இச்செலவை ஏற்பது கடினமாயின், லயத்துக்கு ஒன்று என்று நாலைந்து வீட்டார் சேர்ந்து செய்யலாம். பாடசாலைக்கு ஒன்று என்று ஆசிரியர்கள் செய்தால் இன்னும் சிறப்பு. இதுவும் இயலாதவர்கள் மனந்தளர வேண்டாம். இக்கட்டுரையின் பிற்பகுதியில் சொல்லும் வேலைக்குக் கையிலுள்ள தொலைபேசியே போதும்; முதன்மையான வேலையும் அதுவே.

மின்சாரச் செலவையும் கணக்கிட்டுவிடுவோம். இப்பெட்டி ஏறத்தாழ 2 வாட் மின்சாரம் கொள்கிறது என்று வைத்துக்கொண்டால், இரவு பகலாக 30 நாள் இயங்கினாலும் 1.44 அலகுதான் செலவாகும். பழைய 60 வாட் குமிழ் ஒன்றை ஒரே ஒரு நாள் முழுதும் எரியவிட்டால் ஆகும் செலவு இது.

அமைக்கும் முறை

மாணவர்கள் பாடசாலைக் கணினியிலோ நண்பரின் கணினியிலோ அரை மணி நேரம் இரவல் கேட்டுக்கொள்ளட்டும். 'ராஸ்பெரி பை இமேஜர்' என்ற இலவச மென்பொருளின் துணைகொண்டு நினைவட்டையில் இயங்குதளத்தை எழுதவேண்டும். சங்கீதத்துக்கென்றே ஆயத்தமாக்கிய இயங்குதளங்கள் உள்ளன. 'மூட் ஓடியோ' என்பது ஒன்று. 'பைகோர் பிளேயர்' என்பது மற்றொன்று. இரண்டும் இலவசம். முதலாவதன் உள்ளே இருந்து வேலை செய்வது 2003இல் தோன்றிய 'மியூசிக் பிளேயர் டீமன்' என்னும் மென்பொருள். அதை எழுதியவர்களும் திருத்தி வருபவர்களும் அதனை உலகத்தார் எவரும் எடுத்தாளலாம் என்று பொதுவில் விட்டிருக்கிறார்கள்.

அட்டையைப் பலகையிற் செருகி, மின்சாரம் கொடுத்து, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்திருந்தால் பெட்டி தன் வைஃபை அலையை எழுப்பும். தொலைபேசியை அதிற் சேர்த்து உலாவியைத் திறந்தால் பாட்டுப் பட்டியல் தோன்றும். கடவுச்சொல்லை முதல் நாளிலேயே மாற்றிவிடவேண்டும். பெட்டி வாங்கியபோதிருந்த கடவுச்சொல் ஊரறிந்த பூட்டுக்குச் சமம்.

பலகையை வெறுமையாக விடலாகாது. மலைநாட்டு ஈரம் அதன் பகை. ஆயினும் பிஸ்கற் தகரப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடாதீர்கள். தகரம் வைஃபை அலையை வெளியே விடாது. பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டியோ, பழைய தேயிலைப் பெட்டிப் பலகையிற் செய்த சிறு மரப்பெட்டியோ நல்லது. காற்றோட்டத்துக்கு நாலு துளை இட்டு, அடுப்பங்கரைப் புகை படாத இடத்தில் வைக்கவேண்டும்.

நம் மலைகளில் சித்திரையை ஒட்டியும் ஐப்பசியை ஒட்டியும் பிற்பகலில் இடி மின்னல் அதிகம். அக்காலத்தில் இடி முழங்கினால் வானொலிப் பெட்டியின் ஏரியலைக் கழற்றிவிடுமாறு வீட்டுப் பெரியவர்கள் சத்தமிடுவார்கள். அந்த எச்சரிக்கை இப்பெட்டிக்கும் பொருந்தும், மின்செருகியைக் கழற்றிவிடுங்கள். மின்வெட்டு வேறு வகைத் தொல்லை. 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்குப் 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றதை எவரும் மறந்திரார். பெட்டி நினைவட்டையில் எதையேனும் எழுதிக்கொண்டிருக்கும் கணத்தில் மின்சாரம் நின்றால் அட்டையிலுள்ளது குழம்பிப் போகக்கூடும். இதற்கு மாற்று உண்டு. 'பைகோர் பிளேயர்' தொடங்கியவுடன் தன்னை முழுதும் தற்காலிக நினைவகத்துக்கு மாற்றிக்கொண்டு இயங்குவதால் அட்டையைத் தொந்தரவு செய்வதில்லை. மின்சாரம் அடிக்கடி நிற்கும் தோட்டங்களுக்கு அதுவே ஏற்றது என்பது எமது அபிப்பிராயம்.

கொழுந்தும் தேயிலையும்

இனி, பெட்டிக்குள் பாட்டு எவ்வடிவில் இருக்கவேண்டும் என்று பார்ப்போம். இறுவட்டில் ஒலியானது வினாடிக்கு 44,100 முறை அளந்தெடுக்கப்பட்டு எண்களாக எழுதப்படுகிறது. இடம், வலம் என்ற இரு பக்கமும் சேர்ந்து நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட் ஆகும். 'எம்.பி.3' என்னும் முறை, காதுக்கு எளிதில் புலப்படாத பகுதிகளைக் கழித்துவிட்டு இதை நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 மெகாபைட்டாகச் சுருக்குகிறது. மூன்று நிமிடப் பாட்டு 3 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். 32 கிகாபைட் அட்டையில் ஏறக்குறையப் பதினாயிரம் பாட்டுக் கொள்ளும். 'ஃபிளாக்' என்ற இன்னொரு முறை 2001இல் வந்தது. அது எதையும் கழிக்காமல், துணியை மடிப்பதுபோல் மடித்து ஏறத்தாழப் பாதி அளவாக்குகிறது. விரித்தால் இழை குறையாமல் முழுத்துணியும் கிடைக்கும்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதனை எளிதில் விளக்கலாம். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து தொழிற்சாலையிலே வாட்டி அரைபட்டுக் காய்ந்து ஒரு கிலோ தேயிலையாகிறது. குடிப்பதற்குத் தேயிலை போதும். ஆனால் தேயிலையிலிருந்து மீண்டும் கொழுந்தைப் பெற எவராலும் இயலாது. எம்.பி.3 என்பது தேயிலை. ஃபிளாக் என்பது கொழுந்து. கடையிற் கிடைக்கும் பாட்டுக்கு எம்.பி.3 போதும். வேறெங்கும் கிடைக்காத குரலை ஃபிளாக்காகவே வைக்கவேண்டும்.

நாடாவிலிருந்து மீட்டல்

கசெட் என்பது 1963இல் பிலிப்ஸ் நிறுவனத்தார் உலகுக்கு அளித்தது. 4 மில்லிமீற்றருக்கும் குறைந்த அகலமுள்ள பிளாஸ்டிக் நாடாவில் இரும்பின் ஒட்சைட்டுத் துகள் பூசப்பட்டிருக்கும். ஒலி அத்துகள்களில் காந்த வடிவாகப் பதிகிறது. துகள் உதிர்ந்தாலோ பூஞ்சணம் பிடித்தாலோ ஒலியும் உடன் போய்விடும். நுவரெலியா, ஹட்டன் பகுதிகளின் ஈரத்தில் அது வெகு விரைவில் நிகழும்.

கசெட்டின் முதுகுப்புறத்தில் இரண்டு சிறு பிளாஸ்டிக் காதுகள் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அவற்றை ஒடித்துவிட்டால் அந்த நாடாவின் மேல் வேறெதையும் பதிவு செய்ய இயலாது. அந்தச் சிறு காதுகளை அன்று ஒடித்திருந்தால் எம் பாட்டனாரின் பாட்டு இன்று இருந்திருக்கும். வீட்டிலுள்ள பழைய நாடாக்களில் இவ்வேலையை இன்றே செய்துவிடுங்கள்.

வெண்பூஞ்சணம் தெரியும் நாடாவை ஓடவிடலாகாது. அது பெட்டியிலும் ஒட்டி, பிற நாடாக்களுக்கும் பரவும். சுத்தமான நாடாவை முதலில் ஒருமுறை முற்றாக முன்னோட்டி, பின்னோட்டி, இறுக்கத்தைத் தளர்த்துங்கள். பிறகு கசெட் பெட்டியின் காதுக்குழாய்த் துளையிலிருந்து கம்பி ஒன்றைக் கணினியின் ஒலி உட்செல்லும் துளைக்குக் கொடுத்து, 'ஓடாசிற்றி' என்ற இலவச மென்பொருளிற் பதிவு செய்யலாம். 60 நிமிட நாடாவுக்கு 60 நிமிடம் உட்கார்ந்தே ஆகவேண்டும். இதிலே குறுக்குவழி இல்லை.

கோப்புகளுக்குப் பெயரிடும்போது தமிழை ஒருங்குறியில் எழுதவேண்டும். 'பாமினி' எழுத்துருவில் தட்டச்சுச் செய்த பெயர்கள் பிற கருவிகளில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத் தோன்றும். பாடியவர் பெயர், உறவு, தோட்டம், திகதி, எந்தச் சமயத்தில் பாடும் பாட்டு என்னும் ஐந்தும் பெயரில் இருக்கட்டும். 'பாட்டு 1', 'பாட்டு 2' என்று எழுதி வைத்தால் இருபது ஆண்டு கழித்து அது யாருடைய குரலென்று சொல்வதற்கு ஆளிராது.

சொல் நின்றது, மெட்டு?

மலைநாட்டு மக்களின் பாட்டுக்களைத் தேடித் திரட்டியவர்களுள் முதலில் நினைக்கத்தக்கவர் சி. வி. வேலுப்பிள்ளை. தோட்டத்திலே 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகி, 1984இல் மறைந்தவர். அவர் திரட்டிய பாட்டுக்கள் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற நூலாக நம்மிடம் உள்ளன. அவருக்கு முன்னரே, தொழிலாளர் கூட்டங்களிலே பாடி மக்களைத் திரட்டிய மீனாட்சியம்மாள் நடேசய்யரின் பாட்டுக்கள் 1940இல் அச்சேறின. இவர்கள் செய்த உபகாரத்துக்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள். ஆயினும் ஏடு சொல்லைத்தான் காக்கும். தாலாட்டில் எந்த எழுத்தில் குரல் நீள்கிறது, ஒப்பாரியில் எங்கே மூச்சு முறிகிறது, கும்மியில் எந்த இடத்தில் கை தட்டவேண்டும் என்பவற்றை அச்செழுத்து சொல்லாது. பெரட்டுக்கு அழைக்கும் தப்படி வேறு, சாவுக்கு அடிக்கும் தப்படி வேறு, திருவிழாவுக்கு அடிப்பது வேறு. இவற்றை எந்த எழுத்தில் எழுதுவது?

இந்தப் பாட்டுக்களில் பாதி நம்மிடம் இல்லாமற் போனதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியா செல்லவேண்டுமென்று எழுதப்பட்டது. அண்ணன் கோத்தகிரிக்கும் தம்பி கொட்டகலையிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. பாட்டும் அவ்வாறே பிரிந்தது. பெரியம்மாவுக்குத் தெரிந்த அடி அங்கே போயிற்று. சின்னம்மாவுக்குத் தெரிந்த அடி இங்கே நின்றது.

ஆகவே பெட்டியை வாங்கியதும் சினிமாப் பாட்டுக்களால் நிரப்பிவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். சினிமாப் பாட்டு வேண்டாமென்பதில்லை. நாமும் விரும்பிக் கேட்பவர்களே. முதலில் எதை இடவேண்டும் என்பதே எமது பேச்சு.

அம்மாயி பாடிய கதை

எம் வீட்டில் இப்பெட்டியை அமைத்தவன் எம் தமக்கையின் மகன். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிப்பவன். எம் தாயார் அவனுக்கு அம்மாயி. பாடும்படி அவன் கேட்டபோது, "எனக்கென்னப்பா பாட்டு தெரியும்? எல்லாம் மறந்துபோச்சு" என்று கையை உதறிவிட்டார். எல்லா வீட்டு அம்மாயிமாரும் சொல்லும் மறுமொழி இதுதான். நேரே தொலைபேசியை நீட்டிப் 'பாடுங்கள்' என்றால் எவருக்கும் தொண்டை அடைத்துக்கொள்ளும். கைவேலை இருக்கும்போது கேட்கவேண்டும். குழந்தையை மடியில் இட்டபின் கேட்கவேண்டும். பழைய தோழி ஒருத்தியை அருகில் உட்காரவைத்துக் கேட்கவேண்டும்.

ஒரு மாலை அந்தக் கசெட்டின் கடைசிப் பகுதியை அவன் மீண்டும் ஓடவிட்டான். தப்படி கேட்டது, பெரியவர் மெட்டெடுத்து இருமினார், நாடா நின்றது. கீரை ஆய்ந்துகொண்டிருந்த எம் தாயார் கையை நிறுத்திவிட்டு, "எங்கப்பாதான். இருமிட்டு இப்படித்தான் எடுப்பாரு" என்று சொல்லி, நின்ற இடத்திலிருந்து பாடத் தொடங்கினார். ரதியின் புலம்பல் முழுவதும் அவருக்கு வந்தது. பெண்கள் கூத்தில் பாடுவது அக்காலத்தில் வழக்கமில்லை. தகப்பனார் வீட்டில் பாடிப் பழகியதைச் சுவரோரம் இருந்து கேட்டே அவர் மனத்தில் வாங்கியிருந்தார். அறுபது ஆண்டுக்கு மேலாக அவரிடம் அதை எவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

மருமகன் அன்று பதிவு செய்யவில்லை. பாதியில் எழுந்து தொலைபேசியைத் தேடுவது மரியாதையன்று என்று இருந்துவிட்டான். மறுநாள், "அம்மாயி, நேத்து பாடினதை எடுத்து வச்சுக்கலாமா?" என்று கேட்டு, அவர் சம்மதித்த பின்னரே பதிவு செய்தான். இந்த முறையை எல்லோரும் பின்பற்றவேண்டும் என்போம். ஒப்பாரி என்பது ஒரு குடும்பத்தின் துக்கம். அதைப் பாடியவரின் அனுமதியின்றி உலகறியப் பரப்புவது முறையன்று. வீட்டுப் பெட்டியின் பெருமையே இதுதான்: அதன் கதவு வீட்டுக்குள்ளேதான் திறக்கும். யாருக்குக் கேட்கக் கொடுப்பது என்பதைப் பாடியவரே தீர்மானிக்கலாம்.

பதிவு செய்யும்போது தகரக் கூரையில் மழை விழாத வேளையைத் தேர்ந்துகொள்ளவேண்டும். சுவரில் கம்பளி ஒன்றைத் தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும். தொலைபேசியை அழைப்பு வராதபடி அமைத்து, வாயிலிருந்து ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில் துணிமேல் வைத்துவிட்டு, அதைப் பாராமல் பாடுபவரின் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். முதலில் பெயர், தோட்டம், திகதி ஆகியவற்றை ஒருவர் சொல்லிவிடட்டும். பாட்டு முடிந்ததும் உடனே நிறுத்தாதீர்கள். பாட்டின் கதையை அவர் சொல்லத் தொடங்குவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

இரண்டு இடத்தில் இருக்கட்டும்

இறுதியாக ஒன்று. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிர்களோடு அவ்வீடுகளில் இருந்த படங்களும் பத்திரங்களும் எல்லாமே மண்ணுக்குள் போயின. நாம் வாழும் மண் இத்தகையது. ஆகவே எத்துணை நல்ல பெட்டியாயினும், ஒரே பெட்டியில் மட்டும் இருக்கும் குரல் காப்பாற்றப்பட்ட குரலன்று. நினைவட்டை ஒன்றில் பிரதி எடுத்து வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வைக்கவேண்டும். கோத்தகிரியிலோ குன்னூரிலோ பெரியப்பா வீடு இருந்தால் அதைவிடச் சிறந்த இடம் வேறில்லை. விரல் நகத்தளவு அட்டையைக் கடித உறையில் இட்டு அனுப்பலாம். அதைக் கேட்டுவிட்டு அவர்கள் தமக்குத் தெரிந்த அடியைப் பாடி அனுப்பினால், 1964இல் பிரிந்த பாட்டு மீண்டும் ஒன்றுசேரவும் கூடும்.

பொதுவில் வைக்கக் குடும்பத்தார் சம்மதித்த பாட்டுக்களுக்கு மூன்றாம் இடமும் உண்டு. 2005இல் தொடங்கிய 'நூலகம்' நிறுவனத்தார் 'ஆவணகம்' என்ற பெயரில் ஒலி, ஒளிப் பதிவுகளையும் சேர்த்துக் காத்து வருகிறார்கள். கம்பளைக்கு அப்பால் பழைய பீக்கொக் தோட்டத்தில் 2007இல் அமைந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தையும் மாணவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்கவேண்டும். அம்மியும் குடையும் காட்சிக்குரியவையானால் அம்மாயியின் தாலாட்டும் அவ்வாறே காக்கத்தக்கது என்பது அங்கே நின்றால் விளங்கும்.

எம் வீட்டுப் பெட்டியில் முதலாவது கோப்பாக இருப்பது அந்தப் புலம்பல். அதற்கு முன்னால், கசெட்டில் எஞ்சியிருந்த தப்படியையும் இருமலையும் மருமகன் சேர்த்து வைத்திருக்கிறான். பாட்டனார் தொடங்குகிறார், மகள் முடிக்கிறார். பெட்டி பழுதுபட்டால் வேறொன்று வாங்கலாம். அட்டை கெட்டால் கோத்தகிரிப் பிரதியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எம் தாயாருக்கு இப்போது எண்பது வயது. வாசகர் வீட்டு அம்மாயிக்கும் அப்பாயிக்கும் வயது என்ன என்பதை எண்ணிப் பாருங்கள். பலகை வாங்கும் வரை காத்திராமல், இந்த ஞாயிற்றுக்கிழமையே அவர்கள் அருகில் போய் உட்காருங்கள்.